வைண்டிங் ஹாலில் தண்ணீர்ப் பானை இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் சின்ன மின்மோட்டார்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் செக்‌ஷன் உதவியாளராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசிப் பழகியவள் நான். அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொழிற்சாலை என்றால் ஒரே ஒரு பெரிய கொட்டகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்பாதி பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை மெஷினில் வைத்து அச்சால் வெட்டும் இடம். அங்கே எல்லாரும் ஆண்கள். பின்பாதி வைண்டிங் ஹால். வெட்டிய தகடுகளுக்குள் செப்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை. அங்கே எல்லாரும் பெண்கள். நடுவில் ஒரு சுவர். எங்கள் ஆபீஸ் மாடியில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பாதிகளும் தெரியும். மூன்று வருஷமாக நான் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அந்த இடம் முழுக்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். நாற்பது வயது தாண்டியவர், அதிகம் பேசாதவர். வந்த இரண்டாம் மாதமே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த பையன்கள் வருஷம் முடிவதற்குள் ஓடிவிடுகிறார்கள்; பெண்கள் அடிக்கடி லீவு எடுக்கிறார்கள்; ஆனால் யாரைக் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இது அவருக்குப் பிடிபடவில்லை.

"நீங்க கீழே போய்ப் பேசுங்க," என்று கன்னடத்தில் சொன்னார். "காலையில் கேட்டுக்குள்ளே நுழையும்போது ஒரு ஆளுக்கு மனசு எப்படி இருக்கும், அது தெரிஞ்சா போதும். பேப்பர், பேனா எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. எழுதறதைப் பார்த்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

நான் முதலில் போனது பிரஸ் ஷாப் மேஸ்திரியிடம். அவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர். வயது ஐம்பத்தாறு. கொட்டகைக்குக் கூரை போடுவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர் என்று சொல்வார்கள். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. மெஷின்களுக்கு நடுவே அவர் நடக்கும்போது எல்லாரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நிற்பார்கள். பயத்தில் இல்லை, அவர் மேல் அவ்வளவு மரியாதை.

பிரஸ் மெஷின்களின் இரைச்சலில் நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இது என்ற வூடுங்க அம்மிணி," என்றார். "வூட்டுல கூட இத்தனை நிம்மதி கிடையாது. அங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. இங்க வந்துட்டா மனசு அடங்கிப் போயிருமுங்க. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? என்ற காலத்துல ஒரு பொம்பளப் புள்ளைகூட இங்க கண்ணைக் கசக்கினது இல்லைங்க."

அவர் சொன்ன விதத்தில் பொய் துளியும் இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மேனேஜர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். ஐ.டி.ஐ. முடித்து வந்தவன். வீட்டில் தமிழ்தான் என்றாலும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் கன்னடம்தான் அவனுக்குச் சரளம். டீ நேரத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"பேஜாரு மேடம்," என்றான் எடுத்த எடுப்பில். "ஜெயில் மாதிரி. நான் படிச்சது லேத். என்னைக் கொண்டுவந்து மேஸ்திரி பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க. நாள் பூரா அவர் பின்னாடியே சுத்தணும். பெரியவங்க உட்கார்ற பெஞ்சில் நாங்க உட்காரக் கூடாது. பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, 'லே ஹுடுகா', டேய் பையா, அவ்வளவுதான். ஒரு வருஷமா வேற இடம் தேடணும்னு நெனச்சிட்டே இருக்கேன்."

"அப்புறம் ஏன் தேடலை?"

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு மேஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

ஐந்து அடி இடைவெளியில் நிற்கிற இரண்டு பேர். ஒருவருக்கு வீடு, இன்னொருவனுக்கு ஜெயில். அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. வைண்டிங் ஹாலுக்குப் போகாத வரைக்கும் அதைத்தான் பெரிய ஆச்சரியம் என்று நினைத்தேன்.

வைண்டிங் ஹாலில் யாரும் பேசவில்லை. "எல்லாம் சென்னாகிதெ மேடம்," எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்தார்கள். கை மட்டும் நிற்காமல் கம்பி சுற்றியது. நான் மேலதிகாரி அனுப்பிய ஆள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. மூன்று நாள் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஏப்ரல் மாதம். கூரை கொதித்தது. வார்னிஷ் வாடை தலையைச் சுற்ற வைத்தது. மூன்றாம் நாள் மதியம் தாகம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவளிடம், "குடிக்கத் தண்ணி எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் கன்னத்தில் எதையோ ஒதுக்கி வைத்திருந்தாள். அதை நாக்கால் மறுபக்கம் தள்ளிவிட்டு, "இங்கே தண்ணி இல்லை மேடம். கேன்டீன்லதான்," என்றாள்.

சுற்றிப் பார்த்தேன். ஐம்பது பெண்களுக்கு மேல் இருக்கிற அந்த ஹாலில் ஒரு பானை இல்லை, ஒரு குடம் இல்லை, ஒருத்தியின் மேஜையிலும் தண்ணீர் பாட்டில் இல்லை. முக்கால்வாசிப் பேர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில், வைண்டிங் ஹாலில் மூத்தவளான ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹனூரை அடுத்த ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி மைசூர் வந்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். காய்கறி வாங்க மண்டி மொஹல்லாவில் இறங்குவாள் என்பதால் முகம் பழக்கம்.

"மூணு நாளா அந்த வெக்கையில உக்காந்திருக்கீங்களே, எதுக்குங்க?" என்றாள்.

"நீங்க யாராவது பேசுவீங்கன்னுதான் அக்கா."

அவள் சிரித்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லிக்காய்த் துண்டுகள். எனக்கு ஒன்று கொடுத்தாள்.

"இதைக் கன்னத்துல அடக்கிக்கிட்டா தாகம் எடுக்காதுங்க. நாங்க காலையில வூட்டுல அரை டம்ளர் குடிச்சிட்டு வருவோம். பொறவு சாயங்காலம் வூட்டுக்குப் போயித்தான் தண்ணி."

"ஏன்?"

"தண்ணி குடிச்சா போவோணுமில்லைங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். பெண்களுக்கான கழிவறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. வைண்டிங் ஹாலிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் பிரஸ் ஷாப்பின் பெரிய வாசலை முழுக்கக் கடக்க வேண்டும். வாசலில் எப்போதும் நாலைந்து பையன்கள் நிற்பார்கள். பெண்கள் கடக்கும்போது சினிமாப் பாட்டு வரும். எத்தனை நேரமாச்சு என்று ஒருவன் எண்ணுவான். திரும்பி வரும்போது இன்னொரு பாட்டு.

"கையைத் தொட்டு இழுக்கலைங்க. மோசமாப் பேசலைன்னும் சொல்லலாம். ஆனா அந்த வாசலைத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிட்டு வருமுங்க. அதுக்குத் தண்ணி குடிக்காமயே இருந்தறலாம்."

மாடியில் எங்கள் ஆபீஸுக்குத் தனிக் கழிவறை உண்டு. என் மேஜையில் எப்போதும் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருக்கும். நான் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். ஒருத்திக்குப் போயே தீர வேண்டுமென்றால், அவள் தன் கத்தரியை மேஜையில் இரண்டு தரம் லேசாகத் தட்டுவாள். உடனே பக்கத்து மேஜைகளிலிருந்து இரண்டு பேர் எழுந்து கூடப் போவார்கள். போகிறவர்களின் சுருள் கணக்கு குறையக் கூடாதே? அதற்காக மற்றவர்கள் ஆளுக்கொரு சுருளைச் சுற்றி அவர்களுடைய தட்டில் வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. மாத விலக்கு நாட்களில் இருப்பவளுக்குச் சுவரோர மேஜை. ஏழாம் மாதத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாருமாக முடிவு செய்திருந்தார்கள். அவளைச் சுற்றி நான்கு பேர் போவார்கள், நடுவில் அவள். கன்னடம், தமிழ், உருது பேசுகிற பெண்கள் எல்லாரும் அதில் அடக்கம். புதிதாக வருகிறவளுக்கு வேலை சொல்லித்தருகிற முதல் நாளே இதையும் சொல்லித்தருவார்கள்.

கண்ணாடி ஜன்னல் வழியாக மூன்று வருஷம் நான் பார்த்தது குனிந்த தலைகளையும் ஓடும் கைகளையும் மட்டும்தான். அதற்கு அடியில் இப்படி ஒரு ராஜ்ஜியமே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"மேஸ்திரிகிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா? அவர் நல்ல மனுஷர்தானே?"

அவள் சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"அவருக்குக் காது கேக்காதுங்க."

"என்ன?"

"சுத்தமாக் கேக்காதுன்னு இல்லைங்க. ஆனா மெஷின் ஓடறப்ப காதுல ஒண்ணும் வுளாது. ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்க புள்ளை ஒருத்தி அந்த வாசல்ல எண்ணெய் வழுக்கி வுழுந்துட்டா. அவருக்குப் பின்னாடிதான். 'அய்யோ'ன்னு கத்தறா, அவரு திரும்பலைங்க. தற்செயலாத் திரும்பிப் பார்த்தவரு பதறிப்போய் ஓடியாந்து தூக்கினாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு. அன்னிக்கே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. கேட்டிருந்தா இந்தப் பாட்டையெல்லாம் அவரு வுட்டு வெப்பாருங்களா?"

"அப்போ மேலே வந்து புகார் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்தா என்ன கேப்பாங்க? மேஸ்திரி பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஏன் தடுக்கலைன்னு கேப்பாங்க. பொறவு காது விசயம் வெளிய வரும். இப்பத்தான் அங்கங்க வயசானவங்களை வூட்டுக்கு அனுப்பிட்டு இருக்கறாங்களே. அவருக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க. தண்ணிதானே, சமாளிச்சுக்கலாம்னு வுட்டுட்டோம்."

பஸ் மண்டி மொஹல்லாவில் நின்றது. அவள் இறங்கி, வெண்டைக்காய் விலை கேட்கப் போய்விட்டாள். நானும் இறங்கித் தெருவோரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தன் காலத்தில் ஒரு பெண்ணும் கண் கசக்கியதில்லை என்று ஒருவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதி கலையாமல் இருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது பெண்கள் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கூட்டர்காரர் ஒருவர் ஹாரன் அடித்து என்னை நகரச் சொன்னார்.

மறுநாள் மேனேஜரிடம் கழிவறை விஷயத்தை மட்டும் சொன்னேன். காது விஷயம் என்னுடையது அல்ல என்று தோன்றியது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஹாலுக்குள்ளேயே கட்டித் தருவதாகவும், ஆனால் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

அன்று மதியம் மேஸ்திரியே என்னைத் தேடி வந்தார். ஆவலாக இருந்தார்.

"என்னங்க அம்மிணி, எல்லாரும் என்ன சொன்னாங்க? நம்ம புள்ளைங்க நல்லபடியாத்தானே சொன்னாங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கழிவறை தூரம், பிரஸ் ஷாப்பைத் தாண்டிப் போகக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும், "நாள் பூராவுமா?" என்றார். நான் தலையாட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அந்தப் பையன் மாடிப்படி ஏறி ஓடி வந்தான்.

"மேடம், சீக்கிரம் வாங்க. மேஸ்திரி காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை. டீ கூட வேணாம்னுட்டார். கேட்டா திட்டறார். இப்போ பார்த்தா ஒரு மாதிரி உட்கார்ந்துட்டார்."

நான் போனபோது மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். ஓய்ந்த கொட்டகையில் எல்லாரும் தூரமாக நின்றார்கள். மேஸ்திரி ஒரு எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"தண்ணி குடிங்க மேஸ்திரி," என்றேன்.

அவர் கையை அசைத்து மறுத்தார். "ஒரு நாளைக்கே எனக்குக் கண்ணு இருட்டுதுங்க அம்மிணி. நான் ஆம்பளை. நின்ன வேலை, நடந்த வேலை. அந்தப் புள்ளைங்க வருசக்கணக்கா எப்படீங்க இருந்தாங்க?" மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். "கூச்சம்னு சொன்னீங்க. எங்களைப் பார்த்து என்னத்துக்குக் கூச்சம்? நாங்க என்ன பண்ணினோம்?"

வாசல் பக்கம் நின்றிருந்த இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பையன்தான் முன்னால் வந்தான். மேஸ்திரியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான்.

"பாட்டுப் பாடுவோம் மேஸ்திரி. அவங்க போறப்போ."

"எப்ப?"

"எப்பவும்தான்."

"நீயுமா?"

"நானும் பாடியிருக்கேன். நாள் பூரா இந்த இரைச்சல்ல சிரிக்கறதுக்கு அது ஒண்ணுதான் இருந்தது. தமாஷ்னுதான் நெனச்சேன். அவங்க தண்ணி குடிக்கறதில்லைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. வலது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மறு காதை. எத்தனை வருஷமாக அந்த வாசலில் அவர் நின்றிருக்கிறார், எத்தனை பாட்டுகள் அவர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கின்றன என்று அவர் அப்போது கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் பையன் ஏன் வேறு வேலை தேடவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. தலைக்கு மேல் சங்கிலியில் தகட்டுக் கட்டு நகரும்போது மேஸ்திரியின் தோளைத் தட்டுவது அவன்தான். பின்னால் வண்டி வந்தால் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுப்பதும் அவன்தான். மாடியிலிருந்து அதைப் பார்த்து விளையாட்டுப் பையன் என்று நினைத்திருக்கிறேன். பின்னாளில் அவனிடமே கேட்டேன். "நான் போயிட்டா அவருக்கு யார் சொல்றது மேடம்?" என்றான், அலுத்துக்கொண்டே.

மேஸ்திரி எழுந்து கை கழுவினார். பையன் நீட்டிய தண்ணீரை வாங்கி மெதுவாகக் குடித்தார். "மேனேஜரைப் பார்க்கோணும். நீங்களும் வாங்க. அவரு சொல்றது எனக்குச் சரியா வுளாது," என்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"யோசிச்சுச் செய்யுங்க மேஸ்திரி. இன்னும் ரெண்டு வருஷம்..."

"யோசிச்சாச்சுங்க அம்மிணி. கேக்காத காதை வெச்சுக்கிட்டு இத்தனை பேருக்கு நான் காவல்னு நெனச்சுட்டு இருந்திருக்கறன்."

மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்று, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் சொன்னார்: "நனகெ கிவி கேளல்ல சார்." எனக்குக் காது கேட்காது. அந்த ஒரு வாக்கியத்தோடு வேலை போய்விடலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்ற தொழிற்சாலைகளில் அப்படி நடந்ததை அவரே பார்த்திருக்கிறார்.

மேனேஜர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அவருக்கு எதிரில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. மேஸ்திரி திரும்பி, கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பையனைக் கை காட்டினார். மேனேஜர் அவனையும் உள்ளே கூப்பிட்டார். மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அதன் முடிவில், மேஸ்திரி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, வெட்டு அச்சுகளை வைக்கிற, இரைச்சல் இல்லாத அச்சுக் கிடங்குக்கு மாறினால் போதும் என்று தீர்மானமாயிற்று. பிரஸ் ஷாப்பில் எல்லாருடைய காதையும் பரிசோதிக்க வேண்டும், எல்லாருக்கும் காதடைப்பான் வாங்க வேண்டும் என்றும் மேனேஜர் சொன்னார். வருஷக்கணக்காக அது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி வைண்டிங் ஹாலுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அந்தச் சுவரைத் தாண்டி அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கம்பிச் சுருள்கள் சுற்றுவது நின்றது.

"எனக்குக் கேக்கலை தாயி," என்றார். தமிழ் தெரியாதவர்களுக்காகக் கன்னடத்திலும் சொன்னார். "கேட்டிருந்தா வுட்டிருக்க மாட்டேன். என்ற காது போச்சு. எனக்குக் கேக்கலை."

ராமாபுரத்து அக்கா முன்னால் வந்தாள். அவர் எதிரில் நின்று நிதானமாகச் சொன்னாள்.

"தெரியுமுங்க மேஸ்திரி."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேக்காதுன்னு. ரெண்டு வருசமாத் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற எல்லாரையும் பார்த்தார். அந்தப் பையனைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்து அவர் பாதுகாத்து வந்த ரகசியத்தை, ஐம்பது பெண்கள் அவருக்காகப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி கொண்டா, தண்ணி," என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஹாலில் தண்ணீர் ஏது? ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு மேஜை மேஜையாகப் பரவியது. கடைசியில் மேஸ்திரியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஏழு மாதக் கர்ப்பிணி தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

தலைமை அலுவலக அனுமதிக்கு யாரும் காத்திருக்கவில்லை. வைண்டிங் ஹாலை ஒட்டி உடைசல் போட்டு வைக்கிற ஓர் அறை இருந்தது. பிரஸ் ஷாப் ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து அதைக் காலி செய்தார்கள். கொத்து வேலை தெரிந்தவர் ஒருவர், குழாய் வேலை தெரிந்தவர் ஒருவர் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பொருளுக்கு மேனேஜர் ஏற்பாடு செய்தார். வாசலில் நின்று பாடிய பையன்கள்தான் அதிகம் மண் சுமந்தார்கள். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பெண்கள் நன்றி சொல்வார்கள் என்று அந்தப் பையன்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ராமாபுரத்து அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "தாப்பாள் பத்தாது. ஆட்டினா கழண்டுக்கும் போல இருக்குது. வேற போடுங்க," என்றாள். லேத் படித்த பையன்தான் கெட்டியாக ஒரு தாழ்ப்பாள் கடைந்து கொண்டுவந்தான். அவள் அதை நான்கு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாள். "ம்," என்றாள். அவனுக்கு அதுவே பெரிய பட்டம் மாதிரி இருந்தது. முகம் சிவந்துவிட்டது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டு நின்றது, ஆனால் கொஞ்ச நாள் ஆண்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்ப்பதையே தவிர்த்தார்கள். வயதானவர்களில் சிலர், சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டேன் என்று என்மேல் வருத்தப்பட்டார்கள். மேஸ்திரியும் அச்சுக் கிடங்கில் முதல் மாதம் சாப்பாடே இறங்காமல் இருந்தார். அந்த அமைதி அவருக்குப் பழகவில்லை. மெஷின்களின் அதிர்வு காலில் ஏறாவிட்டால் நின்ற இடத்தில் நிலம் இல்லாத மாதிரி இருக்கிறது என்றார். பையனுக்கு அவன் கேட்ட லேத் செக்‌ஷன் கிடைத்தது. ஒரு வாரத்தில் வந்து, அங்கேயும் பேஜாராகத்தான் இருக்கிறது என்றான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினமும் மேஸ்திரியோடு கிடங்கில்தான் உட்கார்ந்தான்.

மேனேஜர் மறுபடி என்னைக் கூப்பிட்டு, மொத்தத்தில் நம் ஆட்களுக்கு இந்த இடம் எப்படி இருக்கிறது, ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார். என்னால் முடியவில்லை. ஒரே கூரை, ஒரே சங்கு, ஒரே கேட். ஆனால் ஐம்பத்தாறு வயது ஆணுக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் ஏழு மாதக் கர்ப்பிணிக்கும் அது மூன்று வேறு வேறு ஊர்கள். ஒருவர் ஊரை மற்றவர் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே அவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை தீராத பிரமிப்பு. இதையெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதையோ தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. நல்ல நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம், யாரும் சத்தம் போடாத அறை. குறை என்று ஒன்றும் இல்லை. இருந்தாலும் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அந்த மூன்று நாட்களில், வார்னிஷ் வாடைக்கும் வெக்கைக்கும் நடுவில், நான் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என் மேஜையைக் கீழே மாத்திக் கொடுக்க முடியுமா சார்?" என்று கேட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மாற்றிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி மைசூரை விட்டுக் கிளம்பும் வரைக்கும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.